பெட்டையா சேவலா?

குஞ்சு பொரித்து ஐந்து வாரம் ஆகிவிட்டால் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு தொடங்கிவிடும். காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் திபுதிபுவென்று ஓடிவரும் கூட்டத்தைப் பார்த்து, எது சேவல், எது பெட்டை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அப்பத்தா எண்ணுவது சேவலை. குலசாமிக்கு நேர்ந்துகொண்டது ஒன்று, ஆடிக்கு மருமகன் வந்தால் அடிக்க ஒன்று. அம்மா எண்ணுவது பெட்டையை. அடுத்த வருஷத்து முட்டை அதில்தான் இருக்கிறது. இருவருடைய எண்ணிக்கையையும் கூட்டினால் பல சமயம் குஞ்சுகளின் மொத்தத்தைவிட அதிகமாக வரும்.

இந்தக் கேள்வியை நான் பல வருஷங்களாகத் துரத்திக்கொண்டிருக்கிறேன். படித்ததையும் கொல்லையில் பார்த்ததையும் சேர்த்து வைத்தபோது ஒன்று தெளிவானது. குஞ்சின் உடம்பில் இரண்டு வகை அடையாளங்கள் உண்டு. முதல் நாளே வெளியே தெரிவது பரம்பரை எழுதிய அடையாளம். வாரக்கணக்கில் தெரிய வருவது சுரப்பிநீர் எழுதும் அடையாளம். முதல் வகை, அதற்கென்றே கலந்து உருவாக்கிய இனங்களில் மட்டும் பலிக்கும். நம் நாட்டுக்கோழிக்கு இரண்டாவது வகைதான் துணை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு நாள் குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு ஆரூடம் சொல்கிறோம், பிறகு ஏமாறுகிறோம்.

ஆரூடம் முட்டையிலேயே தொடங்கிவிடுகிறது. அடை வைக்க முட்டை பொறுக்கும்போது, ஒரு முனை நீண்டு கூராக இருந்தால் சேவல், உருண்டையாக இருந்தால் பெட்டை என்று அப்பத்தா பிரித்து வைப்பார். ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் வேளாண்மை நூல் எழுதிய கொலுமெல்லாவும் இதையேதான் சொன்னார். அவருக்கு முந்தைய அரிஸ்டாட்டிலோ நேர் எதிராகச் சொல்லியிருக்கிறார்: கூர்முட்டை பெட்டை, உருண்டை முட்டை சேவல். யாரை நம்பி அடை வைத்திருந்தாலும் பாதிக்குப் பாதி பலித்திருக்கும். பலித்தது நினைவில் நிற்கும், பலிக்காதது குழம்பில் போய்விடும். முட்டையின் வடிவம் தாய்க்கோழியின் முட்டைக்குழாய் செய்கிற வேலை. ஒரு கோழி கூர்முட்டை இடும் ஜாதி என்றால் அனேகமாக எப்போதும் கூர்முட்டைதான் இடும். அந்தக் கோழியின் முட்டைகளைத் தனியாக அடை வைத்துப் பார்த்தால் சேவலும் பெட்டையும் கலந்தே வரும். அதிகச் சூட்டில் அடைகாத்தால் சேவல் என்பதும் அப்படித்தான். ஆமை முட்டையிலும் முதலை முட்டையிலும் சூடு ஆண் பெண்ணை மாற்றும். கோழி முட்டையில் மாற்றாது.

கோழியில் முடிவு எடுப்பது தாய். மனிதரில் தந்தையின் விந்தணு சொல்வதை, கோழியில் தாயின் கரு சொல்கிறது. சேவலுக்கு இசட் என்ற குரோமோசோம் இரண்டு, பெட்டைக்கு இசட் ஒன்றும் டபிள்யூ ஒன்றும். மஞ்சள் கரு சூலகத்திலிருந்து கழன்று விழுவதற்குச் சற்று முன் அதில் எது தங்குகிறதோ அதுவே குஞ்சின் விதி. சேவலின் விந்து அதை எட்டுவதற்கும், மேலே ஓடு கட்டுவதற்கும் முன்பே விஷயம் முடிந்துவிடுகிறது. இசட்டில் இருக்கும் டிஎம்ஆர்டி1 என்ற மரபணு இரட்டை அளவில் வேலை செய்தால் கருவில் விதை உருவாகும், ஒற்றை அளவில் சூலகம் உருவாகும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். அடுத்த ஆண்டே எடின்பரோ பக்கத்து ரோஸ்லின் ஆய்வகத்திலிருந்து இன்னொரு செய்தி வந்தது. உடம்பின் ஒரு பாதி சேவலாகவும் மறுபாதி பெட்டையாகவும் இருந்த அபூர்வக் கோழிகளை அங்கே ஆராய்ந்தார்கள். ஒரு பக்கம் தாடி பெரிது, கால்முள் பெரிது, சதைப்பற்றும் அதிகம். மறுபக்கம் எல்லாம் சிறிது. ஒரே ரத்தம் ஓடும் உடம்பில், ஒரே சுரப்பிநீரில் ஊறிய இரண்டு பாதிகளும் வேறு வேறாக வளர்ந்திருந்தன. கோழியின் ஒவ்வொரு செல்லுக்கும் தான் யார் என்பது ஓரளவு தெரிந்திருக்கிறது.

இதெல்லாம் குஞ்சின் உள்ளே நடப்பது. நம் கண்ணுக்கு என்ன தெரியும்?

பொரித்த அன்று நாட்டுக்கோழிக் குஞ்சில் நம்பத்தக்க ஒன்றும் வெளியே தெரியாது. கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் காலை மடக்குவது பெட்டை, தொங்கவிடுவது சேவல் என்பார்கள். நூலில் மோதிரம் கட்டித் தலைக்கு மேல் ஆட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. மேலே துணியை வீசினால் நிமிர்ந்து நிற்பது சேவல், பதுங்குவது பெட்டை என்பது இன்னொன்று. பருந்தைக் கண்டு குரல் கொடுப்பது வளர்ந்த சேவலின் குணம் என்பது உண்மை. அதை வைத்துக் குஞ்சைச் சோதிப்பது பத்து வயதுப் பையனிடம் மீசையைத் தேடுவது மாதிரி.

மூன்றாவது நான்காவது வாரத்தில் முதல் ஜாடை தெரியும், அதுவும் இறகில். பெட்டைக்குப் பெரும்பாலும் இறக்கையும் வாலும் முந்தி வளரும். சின்ன விசிறி மாதிரி வால் நிமிர்ந்திருக்கும், முதுகு மூடியிருக்கும். அதே வயதுச் சேவல் குஞ்சுக்கு வால் கட்டையாகவும், தோள்பட்டையிலும் முதுகிலும் தோல் தெரிகிற மாதிரியும் இருக்கும். பார்க்கப் பரிதாபமாக இருப்பதால் இதை நோஞ்சான் என்று ஒதுக்கிவிடுவார்கள். இரண்டு மாதத்தில் கூட்டத்திலேயே கம்பீரமாக நிற்பது அதுதான். ஆனால் இறகு முளைக்கும் வேகம் இனத்துக்கு இனம் மாறும் என்பதால் இது வெறும் ஜாடைதான். ஒரே தாயின் குஞ்சுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும்போதுதான் உதவும்.

அடுத்தது கொண்டை. எல்லோரும் முதலில் பார்ப்பதும் அதிகம் ஏமாறுவதும் இதில்தான். நிமிர்ந்த ஒற்றைக் கொண்டை உள்ள கோழியில் ஐந்தாறு வாரத்தில் சேவல் குஞ்சின் கொண்டை தடித்துச் சிவக்கத் தொடங்கும், அலகுக்குக் கீழே தாடியும் எட்டிப் பார்க்கும். பெட்டையின் கொண்டை மெல்லிய மஞ்சள் விளிம்பாகவே கிடக்கும். சேவல் பிரியர்கள் கொண்டையைப் பூ என்பார்கள். கத்திப்பூ என்றால் இந்தச் சோதனை எளிது. அசில் போன்ற சண்டைக்கோழி ரத்தம் கலந்தவற்றுக்குத் தலையோடு படிந்த சிறு கொண்டைதான். அதில் சிவப்பு ஏறுவதும் தாமதம், ஏறினாலும் பளிச்சென்று தெரியாது. அங்கே அகலத்தைப் பார்க்க வேண்டும். மூன்று வரிசை முத்துகளாகப் பரந்து, இளஞ்சிவப்பாக இருந்தால் சேவலாக இருக்க வாய்ப்பு அதிகம். மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவிலிருந்து வந்து நம் ஊர்களில் பரவியிருக்கும் கடக்நாத் கருங்கோழியில் தோலும் கொண்டையும் கறுப்பு. சிவப்பைத் தேடினால் வருஷம் முழுக்கத் தேட வேண்டியதுதான். அங்கே கொண்டையின் பருமன் மட்டுமே பேசும். வெள்ளை லெகார்ன் வழி வந்த முட்டைக்கோழியிலோ பெட்டைக்கே கொண்டை பெரிது, முட்டைப் பருவம் நெருங்கினால் ஒரு பக்கம் சாயும் அளவுக்கு வளர்ந்துவிடும். முட்டை இடப்போகும் வெடைக்கோழியைச் சேவல் என்று நினைத்துச் சந்தையில் தள்ளிவிட்டு வந்தவர்களை நான் அறிவேன்.

கால் தடிமன், நடை, மார்பை நிமிர்த்தி நிற்பது, ஒன்றையொன்று முறைத்துக்கொள்வது ஆகியவை துணைச் சாட்சிகள். பெட்டைக் குஞ்சுகளும் நன்றாகவே முறைத்துக்கொள்ளும். கால்முள்ளைப் பார்க்கிறேன் என்பவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வயதான பெட்டைக்கும் முள் வளர்வது உண்டு.

எனக்கு முழு நம்பிக்கை தருவது ஒன்றே ஒன்று, முதுகின் பின்பாதி இறகு. எட்டு வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள், இறக்கை முடிந்து வால் தொடங்கும் இடத்தில் புதிதாக முளைக்கும் இறகு. குஞ்சைப் பிடித்து வெயிலுக்கு முதுகைக் காட்டி, அந்த இடத்து இறகைக் கட்டை விரலால் மெல்ல ஒதுக்கிப் பாருங்கள். பெட்டையின் இறகு அகலமாக, முனை வட்டமாக, மாவிலையைக் குறுக்கே நறுக்கிய மாதிரி மழுங்கி இருக்கும். விளிம்பும் நெருக்கமாகப் பின்னியிருக்கும். சேவலுக்கு முளைப்பது ஒல்லியான, நீண்ட, ஈட்டி முனை இறகு. விளிம்பில் இழைகளைக் கோக்கும் சின்னக் கொக்கிகள் இல்லாததால் முந்தானைக் குஞ்சம் மாதிரி பிரிந்து நிற்கும், வெயிலில் பளபளக்கும். முழுக்க வெள்ளைக் கோழியானாலும் முழுக்கக் கறுப்பானாலும் இந்த வடிவம் மாறாது. குஞ்சு இறகு உதிர்ந்து பாதி முளைத்த நிலையில் பார்த்தால் குழப்பும். பழைய இறகுக்கு நடுவே புதுசாக ஒரே ஒரு ஈட்டி இறகு கிடைத்தால் போதும், அது சேவல்தான். பிறகு கழுத்து இறகும் கூராகும், இறக்கையின் மேற்புறத்தில் செம்மையோ பொன்னிறமோ திட்டாக ஏறும், வாலில் அரிவாள் மாதிரி வளைந்த இறகு இறங்கும். அதற்குள் அடுத்த வீட்டுக்காரருக்கே தெரிந்துவிடும்.

கூவுவதை வைத்துச் சொல்லலாமே என்பீர்கள். சில சேவல்கள் எட்டாவது வாரத்திலேயே தொண்டை உடைந்த குரலில் முயலும், சில ஐந்து மாதம் வாய் திறக்காது. கூட்டத்தில் மூத்த சேவல் ஒன்று இருந்தால் இளையவை அடங்கியே இருக்கும். எங்கள் வீட்டில் பெரிய சேவலைச் சாமிக்குக் கொடுத்த மறுவாரம், அதுவரை பெட்டை என்று நாங்கள் உறுதியாக நம்பியிருந்த ஒன்று குப்பைமேட்டில் ஏறிக் கூவியது. அம்மாவின் முகம் விழுந்துபோனது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதன் முதுகு இறகை யாரும் பிடித்துப் பார்த்திருக்கவில்லை.

கொண்டை ஏமாற்றுகிறது, முதுகு இறகு ஏமாற்றுவதில்லை. ஏன்? இரண்டையும் ஆட்டுவிக்கும் சுரப்பிநீர்கள் வேறு வேறு. கொண்டையை வளர்ப்பது விதை சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன். இதைத் தெரிந்துகொள்ள உதவிய சோதனை 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நடந்தது. அர்னால்ட் பெர்த்தோல்ட் என்ற அறிஞர் ஆறு இளஞ்சேவல்களின் விதைகளை எடுத்தார். அப்படியே விட்டவற்றுக்குக் கொண்டை சுருங்கியது, கூவலும் சண்டையும் போயின. எடுத்த விதையை வயிற்றுக்குள் வைத்துத் தைத்தவை மட்டும் சேவலாகவே வளர்ந்தன. நரம்புத் தொடர்பு அறுந்த பிறகும் விதை வேலை செய்கிறது என்றால், அது ஏதோ ஒன்றை ரத்தத்தில் கலக்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். சுரப்பிநீர் ஆராய்ச்சி முழுவதற்கும் இதைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள். பெட்டையிடமும் அந்தச் சுரப்பு கொஞ்சம் உண்டு என்பதால்தான் முட்டைப் பருவத்தில் அதன் கொண்டையும் சிவக்கிறது. கூட்டத்தில் அடங்கியிருக்கும் சேவலுக்குக் கொண்டை மெதுவாக வளர்வதும் இதனால்தான்.

இறகின் கதை தலைகீழ். பளபளப்பான ஈட்டி இறகுதான் கோழியின் அடிப்படை உடை. அதை மாற்றி, வட்டமான அடக்கமான இறகைத் தருவது சூலகத்தின் ஈஸ்ட்ரோஜன். விதை நீக்கிய சேவலுக்குக் கொண்டை சுருங்கினாலும் இறகு சேவல் இறகாகவே இருக்கும். சூலகம் நீக்கிய பெட்டைக்கோ அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கையில் சேவல் இறகு வந்துவிடும். விதிவிலக்கும் இருக்கிறது. இங்கிலாந்தின் செப்ரைட் என்ற குள்ளக்கோழியில் சேவலும் பெட்டை இறகோடுதான் திரியும். அதன் தோலே ஆண் சுரப்பை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. நம் கொல்லையில் செப்ரைட் இல்லை என்பதால் முதுகு இறகை நம்பலாம்.

இங்கே பெட்டைக்கோழி கூவுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெட்டைக்கோழி கூவியா பொழுது விடியும் என்பது நம் ஊர் வழக்கு. வீட்டில் பெட்டை கூவினால் ஆகாது என்று அன்றே அடித்துவிடுவார்கள். பெட்டைக்கு இடப்பக்கச் சூலகம் மட்டுமே வளர்கிறது, வலப்பக்கம் சுருங்கி ஒடுங்கிக் கிடக்கிறது. நோயாலோ முதுமையாலோ இடப்பக்கம் கெட்டால், ஒடுங்கிக் கிடந்த வலப்பக்கம் சில சமயம் விதை போல வளரும். கொண்டை பெருக்கும், ஈட்டி இறகு முளைக்கும், பெட்டை கூவும். 1474இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், முட்டையிட்ட சேவல் என்று ஒன்றின் மேல் வழக்கு நடத்தி எரித்தே கொன்றார்கள். அது இப்படி மாறிய பெட்டையாக இருந்திருக்கலாம். நோயுற்ற ஒரு பிராணியைச் சகுனத்தின் பேரில் கொல்வது எனக்கு எப்போதும் வேதனையாகவே இருந்திருக்கிறது.

இனி பொரிப்பகம். அங்கே எட்டு வாரம் காத்திருக்க முடியாது. முட்டைக்கோழிப் பண்ணைக்குப் பெட்டை மட்டுமே வேண்டும், அதுவும் முதல் நாளே. பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைகளுக்கு இந்தக் கவலை இல்லை. ஆறு வாரத்தில் இரண்டும் கறியாகிவிடும். நாமக்கல் பண்ணைகளுக்குச் சேவல் குஞ்சு ஒரு தீனிச் செலவு.

முதல் நாளே கண்டறியும் வழியை உலகத்துக்குக் கொடுத்தது ஜப்பான். மசுயி கியோஷியும் ஹஷிமோட்டோவும் 1920களில் குஞ்சின் எச்சத்துளையைப் பிதுக்கிப் பார்த்து ஆண் பெண் சொல்லலாம் என்று காட்டினார்கள். ஒட்டாவாவில் 1927இல் நடந்த உலகக் கோழியின மாநாட்டில் இந்தச் செய்தி பரவியது. 1930களில் ஜப்பானிய வல்லுநர்கள் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ப் பொரிப்பகங்களில் இதைச் செய்தும் கற்றும் கொடுத்தார்கள். பிறகு கொரியர்கள் இந்தத் தொழிலில் பேர்பெற்றார்கள். 2020இல் வந்த ‘மினாரி’ படத்தில் அமெரிக்காவின் ஆர்கன்சாவுக்குக் குடிபெயரும் கொரியத் தம்பதி செய்யும் வேலை இதுதான்.

வேலை இப்படி நடக்கும். பலத்த விளக்குக்குக் கீழே குஞ்சை இடக்கையில் ஏந்தி, வயிற்றை லேசாக அழுத்தி எச்சத்தை வெளியேற்றி, துளையை விரித்து உள் விளிம்பைப் பார்ப்பார்கள். சேவல் குஞ்சில் குண்டூசித் தலை அளவுக்கு உருண்ட, பளபளப்பான ஒரு முனைப்பு இருக்கும். பெட்டையில் அது இருக்காது, அல்லது தட்டையாக இருக்கும். சில பெட்டைகளிலும் சின்ன முனைப்பு இருப்பதுதான் சிக்கல். கைதேர்ந்தவர் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் குஞ்சு பார்ப்பார், நூற்றுக்கு 98 சரியாக இருக்கும். எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது, பார்த்தாலே தெரியும் என்பார்கள். 1987இல் பீடர்மன், ஷிஃப்ரர் என்ற இரண்டு உளவியலாளர்கள், ஐம்பது வருஷம் இதைச் செய்த ஒருவரிடம் பேசி, பார்க்க வேண்டிய இடத்தையும், அங்கே உருண்டு புடைத்திருக்கிறதா தட்டையாகவோ குழிந்தோ இருக்கிறதா என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதினார்கள். ஒன்றும் தெரியாதவர்கள் படங்களைப் பார்த்து 60 சதவீதம் சரியாகச் சொன்னது, அந்த ஒரு பக்கத்தைப் படித்த பிறகு 84 ஆனது. தெரிந்தவர் சொல்லாமல் வைத்திருந்தது எத்தனை எளிய ஒன்று! ஆனால் 84க்கும் 98க்கும் நடுவே இருப்பது வருஷக்கணக்கான கைப்பழக்கம். அதைத் தாளில் எழுதிவிட முடியாது. வீட்டில் இதை முயல வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். பழகாத விரல் அழுத்தினால் குஞ்சின் குடல் கிழிந்துவிடும்.

இதற்குச் சற்று முன்பே இங்கிலாந்தில் வேறொரு வழி பிறந்தது. முதல் உலகப் போரில் தீனிப் பஞ்சம் வந்தபோது, இசட்டில் ஏறிவரும் நிறத்தை வைத்துச் சேவல் குஞ்சை முன்பே பிரிக்கலாம் என்றார் கேம்பிரிட்ஜின் ரெஜினால்ட் பன்னெட். ரோட் ஐலண்ட் ரெட் சேவலை வெள்ளி நிற மரபுள்ள லைட் சசெக்ஸ் பெட்டையோடு சேர்த்தால், ஆண் குஞ்சுகள் வெளிர் மஞ்சளாகவும் பெண் குஞ்சுகள் செம்பழுப்பாகவும் பொரியும். தாயின் ஒற்றை இசட் மகனுக்கு மட்டுமே போகிறது என்பதுதான் சூட்சுமம். சேவலையும் பெட்டையையும் இடம் மாற்றிச் சேர்த்தால் பலிக்காது, அடுத்த தலைமுறையிலும் பலிக்காது. பன்னெட் அங்கே நிற்காமல், தலைமுறை தலைமுறையாகக் குஞ்சிலேயே பேதம் தெரியும் கேம்பார் என்ற இனத்தையும் உருவாக்கினார். வரிக்கோழியின் மரபணு சேவலுக்கு இரட்டையாகவும் பெட்டைக்கு ஒற்றையாகவும் வருவதால், ஆண் குஞ்சு வெளிறிப் பொரிக்கும்.

பொரிப்பகங்கள் அதிகம் நம்பும் மூன்றாவது வழி இறக்கையில் இருக்கிறது. வேகமாக இறகு முளைக்கும் சேவலையும் தாமதமாக முளைக்கும் பெட்டையையும் சேர்த்தால், பெண் குஞ்சின் இறக்கையில் நீண்ட இறகும் குட்டை இறகும் மாறி மாறி நிற்கும். ஆண் குஞ்சில் எல்லாம் ஒரே நீளம். ஒன்றிரண்டு நாளுக்குள் பார்த்துவிட வேண்டும், பிறகு குழம்பிவிடும். இணையத்தில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நாட்டுக்கோழிக் குஞ்சின் இறக்கையை விரித்துப் பார்ப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். பெற்றோர் இரண்டும் அப்படித் தேர்ந்து சேர்த்தவையாக இல்லாவிட்டால் அந்த இறக்கை ஒன்றும் சொல்லாது. பெட்டைக் குஞ்சு மட்டும் தருகிறேன் என்று நாட்டுக்கோழியின் ஒரு நாள் குஞ்சை யாராவது விற்றால், விலை எத்தனை குறைவானாலும் வாங்காதீர்கள். கூடக் காசு கொடுத்துப் பத்து வாரக் குஞ்சாக, முதுகு இறகைப் பார்த்து வாங்குங்கள்.

முதல் நாளே தெரிந்துகொள்வதற்கு ஒரு விலை இருக்கிறது. அதைக் கொடுப்பது சேவல் குஞ்சு. முட்டைக்கோழி இனத்துச் சேவல் முட்டையும் இடாது, கறியும் வைக்காது. அதனால் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 700 கோடி ஆண் குஞ்சுகள் பொரித்த அன்றே அரைத்தோ மூச்சடைத்தோ கொல்லப்படுவதாகக் கணக்கிடுகிறார்கள். ஜெர்மனியின் உச்ச நிர்வாக நீதிமன்றம், லாபம் ஒன்றே இதற்கு நியாயமாகாது என்று 2019இல் சொன்னது. 2022 ஜனவரி 1 முதல் அந்த நாட்டில் இது சட்டப்படி தடை, அடுத்த ஆண்டு பிரான்சும் சேர்ந்துகொண்டது. அங்கே இப்போது முட்டைக்குள்ளேயே பார்க்கிறார்கள். லேசரால் ஓட்டில் நுண்துளை இட்டு ஒரு சொட்டு நீர் எடுத்து, ஒன்பதாம் நாளில் பெண் சுரப்பைத் தேடுவது ஒரு வழி. பதின்மூன்றாம் நாள் வாக்கில் ஓட்டின் வழியே ஒளி பாய்ச்சி, கருக்குஞ்சின் இறகு நிறத்தைப் பார்ப்பது இன்னொன்று. பின்னது பன்னெட் சொன்ன அதே நிற பேதம்தான். சிலர் அண்ணன் தம்பிகளையும் வளர்ப்போம் என்று சேவல்களை வளர்த்து, அந்தச் செலவை முட்டை விலையில் சேர்க்கிறார்கள். எனக்கு மனதுக்குப் பிடித்தது இந்த வழிதான், செலவு அதிகம் என்று தெரிந்தும்.

நம் ஊரில் சேவல் குஞ்சுகள் பலவற்றுக்கு வாய்த்தது சாயத் தொட்டி. என் சின்ன வயதில் சைக்கிளில் மூங்கில் கூடை கட்டிக்கொண்டு ஒருவர் வருவார். ரோஸ், பச்சை, ஊதா, மஞ்சள் என்று கூடை நிறையக் கலர் கோழிக்குஞ்சு கத்தும். முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் ஒதுக்கிய குஞ்சுகள் அவை என்று அப்போது எனக்குத் தெரியாது. நான் ரோஸ் வாங்கினேன், பெட்டை, முட்டை போடும் என்று சொல்லித்தான் கொடுத்தார். எதிர் வீட்டுப் பிள்ளைகள் பச்சையும் ஊதாவும் வாங்கினார்கள். அட்டைப்பெட்டியில் பல்பு கட்டி, பொட்டுக்கடலையை நுணுக்கிப் போட்டு வளர்த்தோம். தெருவில் வாங்கிய இருபதுக்கு மேற்பட்ட குஞ்சுகளில் ஒரு வாரத்தில் பெரும்பாலானவை செத்துப்போயின. என் ரோஸ் குஞ்சுக்கு மூன்றாம் வாரம் சாயம் போகத் தொடங்கி, கழுத்தில் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருக்க, உள்ளிருந்து வெள்ளை இறகு வந்தது. பத்தாவது வாரத்தில் முதுகில் ஒல்லியாக ஓர் இறகு முளைத்ததை நான் பார்த்தேன், அது என்ன சொல்கிறது என்று தெரியாமல். எங்கள் தெருவில் அந்த வருஷம் பிழைத்தவை மூன்று. மூன்றும் கூவின.